ப-வின் அடிக்கோடு

அன்புள்ள அக்கா,

கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். இந்த வருடம் ஊர்த் தேர்த் திருவிழா மலரை நானே வடிவமைத்தேன். இங்கிலீஷுக்குப் போடோனி என்ற பாண்ட், தமிழுக்கும் அதே மாதிரி தடிப்பும் மெலிவுமாக ஒரு பாண்ட். திரையில் அவ்வளவு அழகு, அச்சாகி வந்ததும் பாதிக் கோடுகளைக் காணோம். ஓலையில் எழுதிய மொழிக்கு இதெல்லாம் ஒத்துவராது என்கிறார் நண்பர். அப்படித்தானா?

ஆர்., பாலக்காடு மாவட்டம்

அன்புள்ள தம்பி,

மலர் செங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் உள்ளே, அரக்கு நிறக் கோபுரப் படத்தின் மேல் வெள்ளையில், பத்துப் பாயிண்டில் பாட்டைப் போட்டிருக்கிறீர்களே, அங்கேதான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 'பட்டம்' என்ற சொல்லில் ப இரண்டு தூணாக நிற்கிறது, ட வெறும் குச்சி. நாலு கலர் அச்சில் ஒரு நிறத்தின் பிளேட் மயிரிழை விலகினாலே அந்த வெள்ளைக் கோட்டுக்குள் மை ஏறிவிடும், விலகாவிட்டாலும் மை தாளில் கொஞ்சம் பரவத்தான் செய்யும். பிரஸ்காரரைக் குறை சொல்ல முடியாது.

போடோனியில் நிற்கிற கோடு தடிப்பு, படுக்கிற கோடு மெலிவு. அந்த விதியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் மெலிவு போய் விழுவது ப, ம, ட மூன்றுக்கும் அடியில், அதாவது அந்த எழுத்துகளின் உயிர் இருக்கிற இடத்தில்.

இங்கிலீஷிலும் இந்தத் தொல்லை உண்டு. இத்தாலியின் பார்மாவில் அந்த எழுத்தை வெட்டிய போடோனியும், பாரிஸில் அதே பாணியில் வெட்டிய ஃபிர்மேன் டிடோவும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இவ்வளவு மெல்லிய கோட்டை வெட்டத் துணிந்ததற்கு வழவழப்பான தாளும் ஒரு காரணம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பாஸ்கர்வில் என்ற அச்சுக்காரர் 1757இலேயே அச்சிட்ட தாளைச் சூடாக அழுத்தி மினுக்கினார். அப்புறம் 1991இல் ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் பத்திரிகைக்காக ஜோனதன் ஹோஃப்லர் என்ற எழுத்து வடிவமைப்பாளர் டிடோவின் எழுத்தைத் திரும்ப வரைந்தபோது, ஏழு அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்தார். அளவு சின்னதாக ஆக மெல்லிய கோட்டுக்குக் கனம் கூட்டினார். பெரிய எழுத்தை அப்படியே சுருக்கினால் கோடும் சேர்ந்து சுருங்கிக் காணாமல் போகும் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் பாண்டில் இருப்பது ஒரே வரைவு, அதுவும் தலைப்புக்கானது.

நண்பர் சொன்னதில் பாதி சரி. எழுத்தாணி ஓலையில் ஒரே கனத்தில்தான் கீறும். ஆனால் இங்கிருந்து ரயிலேறினால் போய்ச் சேருகிற கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற புத்தகம் அச்சேறியபோதே தமிழ் எழுத்து உலோகத்துக்கு வந்தாயிற்று. அதற்கப்புறமும் ஓலையின் கனத்திலேயே நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு அதில் சம்மதமே இல்லை.

பாட்டுக்குக் கனம் அதிகம் மாறாத பாண்டைப் போடுங்கள், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில். தலைப்பை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அட்டையில் 'தேர்' என்ற சொல்லில் த-வின் வால் மெலிந்துகொண்டே போய் முடிகிறதே, அதை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
அக்கா