பிள்ளைகளுக்குச் செபமாலை: வீட்டிலும் வகுப்பிலும் – கேள்வி பதில்

செபமாலை மாதமான அக்டோபர் நெருங்கினால் பெற்றோரும் ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வரும்: பிள்ளை உட்கார மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது? பங்கில் புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பு எடுத்து வருகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீளமாக வந்த கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல், ஓர் அம்மா): அக்கா, மகனுக்கு நான்கு வயது. இரவு செபமாலையில் இரண்டாவது மறைபொருள் (ஒவ்வொரு பத்திலும் தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சி) வருவதற்குள் சோபாவில் தலைகீழாகக் கிடக்கிறான். எந்த வயதில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கலாம்?

பதில்: அவன் அந்த அறையில் இருக்கிறான் என்றால் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நான்கு வயதுக்கு ஐம்பத்து மூன்று மங்கள வார்த்தை செபம் ('அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குவது) அதிகம்தான்.

முதலில் சிலுவை அடையாளம். எதிரே நின்று காட்டாதீர்கள், உங்களைப் பார்த்து இடது கையால் போடுவான். பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய வலது கையைப் பிடித்து நெற்றி, நெஞ்சு, தோள் என்று நகர்த்துங்கள். அப்புறம் மங்கள வார்த்தை செபத்தில் 'தூய மரியே' என்று தொடங்கும் பின்பாதி மட்டும். முன்பாதியில் 'ஆசீர்வதிக்கப்பட்டவர்' இரண்டு முறை வருகிறது, சின்ன வாய்க்கு அது சுலபத்தில் பிடிபடாது. ஐந்து வயதில் 'ஆசீர்–வதிக்கப்–பட்டவர்' என்று துண்டு துண்டாகக் கை தட்டிச் சொல்லிக்கொடுத்தால் நாலைந்து நாளில் வந்துவிடும்.

ஒரு பத்துக்கு, அதாவது பத்து மணிகளுக்கு, மூன்று நிமிடம் போல ஆகும். அதுவரை உங்கள் மடியில் இருக்கட்டும். முடிந்ததும் நெற்றியில் சிலுவை போட்டு விளையாட அனுப்பிவிட்டு, பெரியவர்கள் மீதியைத் தொடருங்கள். ஆறு வயதில் முழுதாக ஒரு பத்து, புதுநன்மை வாங்கும் வயதில் சனிக்கிழமை மட்டும் ஐந்து பத்தும் என்று படிப்படியாகப் போகலாம். மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு பிள்ளை இருந்தால் மணிச் செபமாலையைக் கையில் கொடுக்காதீர்கள். வாயில்தான் போகும்.

கேள்வி (நாகர்கோவில், ஓர் அப்பா): எட்டு வயது மகன் எக்ஸ்பிரஸ் வேகத்தில் சொல்கிறான். நான் முன்பாதியை முடிப்பதற்குள் அவன் பின்பாதியை முடித்துவிடுகிறான். திட்டினால் முகம் தூக்குகிறான்.

பதில்: திட்டுவதற்குப் பதில் பாத்திமா பிள்ளைகளின் கதையைச் சொல்லுங்கள். 1917-ல் போர்ச்சுகலில் மாதா காட்சி கொடுக்கத் தொடங்கியபோது லூசியாவுக்குப் பத்து வயது, பிரான்சிஸ்குவுக்கு எட்டு, ஜசிந்தாவுக்கு ஏழு. ஆடு மேய்க்கப் போகிற இடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செபமாலை சொல்ல வேண்டும் என்பது வீட்டார் உத்தரவு. சீக்கிரம் விளையாட வேண்டுமே! ஒவ்வொரு மணியிலும் 'அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே' என்று முதல் வார்த்தைகளை மட்டும் சொல்லி, பத்தின் முடிவில் 'எங்கள் தந்தையே' என்று ஒரு பெருமூச்சு விட்டு, நொடியில் முடித்துவிடுவார்களாம். லூசியாவே பின்னாளில் இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காட்சிகளுக்குப் பிறகு முழுதாகச் சொன்னார்கள். பிரான்சிஸ்குவும் ஜசிந்தாவும் 2017-ல் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். இந்தக் கதைக்குச் சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

வேகத்தைக் குறைக்க ஒரு சின்ன வழி: அவனை முன்பாதி சொல்ல விடுங்கள், நீங்கள் பின்பாதிக்கு வாருங்கள். அவன் சொல்லி முடித்து மூச்சு விட்ட பிறகுதான் நீங்கள் தொடங்க வேண்டும். வேகம் உங்கள் கைக்கு வந்துவிடும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-ல் எழுதிய 'மரியாலிஸ் குல்துஸ்' என்ற மடலில், தியானம் இல்லாத செபமாலை உயிரில்லாத உடல் என்கிறார். அமைதியாக, நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பல வீடுகளில் வேகத்தைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது பெரியவர்களிடமிருந்துதான். சீரியல் தொடங்கும் நேரத்தைச் சொல்கிறேன்.

கேள்வி (தூத்துக்குடி, மறைக்கல்வி ஆசிரியர்): ஞாயிறு திருப்பலி முடிந்து முக்கால் மணி நேரம்தான் வகுப்பு. நாற்பது பிள்ளைகள். செபமாலை சொன்னால் பின் வரிசை கடலை போடுகிறது. பரிசு வைத்துப் பார்க்கலாமா?

பதில்: யார் வேகமாக, தப்பில்லாமல் ஒப்பிக்கிறார்கள் என்று பரிசு வைப்பது எனக்குப் பிடிக்காது. நன்றாக மனப்பாடம் செய்கிற நாலு பிள்ளைகள் பரிசு வாங்கும், மீதி முப்பத்தாறும் 'இது எனக்கு வராது' என்று முடிவு கட்டிவிடும்.

ஒரு வகுப்பில் ஒரே ஒரு மறைபொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியின் மறைபொருள்களில் இரண்டாவதான கானா ஊர்த் திருமணத்தைப் பார்ப்போம். யோவான் நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் ஆறு கல்தொட்டிகள் என்று வருகிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய எண்பது முதல் நூற்றிருபது லிட்டர் கொள்ளும். கரும்பலகையில் ஆறு தொட்டி வரைந்து, தொட்டிக்கு நூறு லிட்டர் என்று வைத்துப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அறுநூறு லிட்டர். வீட்டில் இருக்கிற பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் எத்தனை குடம்? நாற்பது! தெருக்குழாயில் வரிசையில் நின்ற பிள்ளைக்கு நாற்பது குடம் என்றால் என்னவென்று தெரியும். தண்ணீர் திராட்சை இரசமாகும் என்று அந்தப் பணியாளர்களிடம் யாரும் சொல்லவில்லை. 'அவர் உங்களுக்குச் சொல்வதையெல்லாம் செய்யுங்கள்' என்று மாதா சொன்னார், இயேசு நிரப்பச் சொன்னார், விளிம்பு வரை நிரப்பினார்கள். இதுவரை பத்து நிமிடம் ஆகியிருக்கும். இப்போது அந்த ஒரு பத்து மணியைச் சொல்லுங்கள். பின் வரிசையும் சொல்லும்.

இது நான் கண்டுபிடித்த முறை ஒன்றும் இல்லை. 2002 அக்டோபர் 16 அன்று ஒளியின் மறைபொருள்களைத் தந்த மடலிலேயே இரண்டாம் யோவான் பவுல், மறைபொருளை அறிவிக்கும்போது படம் வைக்கலாம், அதற்கான பைபிள் பகுதியை வாசிக்கலாம், சற்று மௌனமாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செபமாலை ஒத்துவராது என்பவர்களுக்கும் அதில் பதில் உண்டு. நாம் சொல்லும் முறை வறண்டுபோனதால் வந்த பேச்சாக அது இருக்கலாம் என்கிறார்.

அப்புறம், வேலை கொடுங்கள். ஒருவன் படம் பிடிக்கட்டும், ஒருத்தி வாசிக்கட்டும், ஒருவன் மணி எண்ணட்டும். மிக அதிகமாகச் சேட்டை செய்கிறவனுக்கு மெழுகுவத்தியைக் கொடுங்கள் (ஏற்றுவது நீங்கள்!). பிள்ளைகளே மணிகளாக நிற்கிற உயிருள்ள செபமாலை செய்ய ஆசைப்பட்டால் ஐம்பத்தொன்பது பிள்ளைகள் வேண்டும், மணிகள் அத்தனை. ஆள் குறைந்தால் வேறொரு வழி இருக்கிறது. பிரான்சில் லியோன் நகரத்துப் பவுலின் ஜரிகோ 1826-ல் தொடங்கியது அது. பதினைந்து பேர் ஒரு குழு, ஆளுக்கு ஒரு மறைபொருள், தினமும் ஒரு பத்து மணி. பதினைந்து பேருமாகச் சேர்ந்து முழுச் செபமாலை. இப்போது மறைபொருள் இருபது, ஆக உங்கள் வகுப்பில் சரியாக இரண்டு குழு வரும். வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்களா என்று விசாரணை வைக்காதீர்கள்.

கேள்வி (திருச்சி, ஓர் அம்மா): ஐந்து வயது மகள் 'கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது' என்று கேட்டதும் அழுகிறாள். துயர மறைபொருள் சொல்கிற செவ்வாயும் வெள்ளியும் வந்தாலே பயப்படுகிறாள்.

பதில்: அந்த வயதில் அழுவது இயல்புதான். எந்தக் கிழமைக்கு எந்த மறைபொருள் என்பது நல்ல வழக்கம், மீறினால் பாவம் என்று எதுவும் கிடையாது. இப்போதைக்கு அவளோடு சொல்லும் பத்துக்கு மகிழ்ச்சி நிறை மறைபொருளையே எல்லா நாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கோவிலில் பன்னிரண்டு வயது இயேசு காணாமல் போய், மூன்றாம் நாள் கிடைத்த கதை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையின் பெயரை மைக்கில் சொல்வதைக் கேட்டிருந்தால் அதற்கு விளக்கமே வேண்டாம். தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்கு வரும்போது அவளே கேட்பாள், அப்போது சொல்லுங்கள். கூடவே உயிர்ப்பையும் சொல்லிவிடுங்கள், பாதியில் நிறுத்தி அவளைத் தூங்க அனுப்பாதீர்கள்.

கேள்வி (சிவகங்கை, ஒரு பாட்டி): நான் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்றுதான் சொல்வேன். பேத்தி வகுப்பில் படித்த 'அருள் நிறைந்த மரியே' சொல்கிறாள். நான் மாற வேண்டுமா டீச்சர்?

பதில்: வேண்டவே வேண்டாம் பாட்டி. உங்கள் முறை வரும்போது உங்கள் செபம், அவள் முறைக்கு அவள் செபம். மாதாவை அரசியாக வாழ்த்துகிற உங்கள் கிருபை தயாபத்து மந்திரத்தையும் அவள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி (சென்னை, ஓர் அப்பா): பதினான்கு வயது மகன் இப்போது வரமாட்டேன் என்கிறான். வீட்டுப்பாடம் செய்யாத நாளில் முழங்காலில் நின்று செபமாலை சொல்ல வைக்கிறேன்.

பதில்: தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். தண்டனையாகச் சொன்ன செபம் பெரியவனான பிறகும் தண்டனையாகவே நினைவில் இருக்கும். பதினைந்து வயதில் இறந்த இளம் புனிதர் கார்லோ அக்குத்திஸ் தினமும் செபமாலை சொன்னார், நீ ஏன் சொல்லவில்லை என்று புனிதர் பெயரால் அடிப்பதும் வேண்டாம். அவன் பார்க்க நீங்கள் சொல்லுங்கள், அவன் அறைக் கதவு திறந்திருக்கட்டும். தொடங்குமுன் 'யாருக்காக ஒப்புக்கொடுக்கலாம்?' என்று மட்டும் அவனிடம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நண்பனின் அப்பா, செமஸ்டர் எழுதுகிற அக்கா என்று ஏதாவது சொல்வான். பிறகு ஒரு நாள், ஒரு பத்தை மட்டும் நீ நடத்து என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் சரி என்று விட்டுவிடுங்கள்.

கேள்வி (வேலூர், பள்ளி ஆசிரியை): நாங்கள் அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளி. அக்டோபரில் மாதா கெபி (குகை வடிவச் சிற்றாலயம்) முன்னால் செபமாலை உண்டு. வகுப்பில் பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் பிள்ளைகள். எல்லாரையும் கூட்டிப் போகலாமா?

பதில்: கட்டாயமாகக் கூட்டிப் போகக் கூடாது. அரசியல் சாசனத்தின் 28(3)-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் யாரையும் அவர்கள் சம்மதமில்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்க முடியாது. சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு வைப்பது போல இதற்கும் ஏற்பாடு செய்யுங்கள். முடிவில் கொடுக்கிற மிட்டாயை மட்டும் எல்லாருக்கும் கொடுங்கள்.

கேள்வி (மதுரை, ஓர் அப்பா): மனைவி சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபை. 'மரியாளிடம் ஏன் செபிக்க வேண்டும்?' என்று பிள்ளையே இப்போது கேட்கிறது.

பதில்: லூக்கா முதல் அதிகாரத்தைத் திறந்து, செபத்தின் முன்பாதி வானதூதரும் எலிசபெத்தும் சொன்ன வாழ்த்தோடு பொருந்துவதைக் காட்டுங்கள். பின்பாதியில் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றுதான் கேட்கிறோம். பிள்ளைக்கு இவ்வளவு போதும். மனைவியோடு வாதத்தைப் பிள்ளை முன்னால் நடத்தாதீர்கள். அந்தப் பைபிள் பகுதியை அவரையே வாசிக்கச் சொன்னால் மூன்று பேரும் சேர்ந்து உட்காரலாம்.

கேள்வி (டொராண்டோ, யாழ்ப்பாணத்து அம்மா): மகள் தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் சொல்ல விடட்டுமா?

பதில்: விடுங்கள் அம்மா. நீங்கள் முன்பாதி தமிழில், அவள் பின்பாதி ஆங்கிலத்தில். லூர்து நகர் மாலைப் பவனியில் பத்துக்குப் பத்து மொழி மாறித்தான் செபமாலை நடக்கிறது. மாதாவுக்குப் புரிகிறது.

கேள்வி (கும்பகோணம், அன்பியத் தலைவி – அன்பியம் என்பது பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு): பிள்ளைகளே செபமாலை செய்ய எளிய வழி இருக்கிறதா?

பதில்: மணி வாங்க வேண்டாம், முடிச்சுச் செபமாலை செய்யலாம். இரண்டு மில்லிமீட்டர் நைலான் கயிறு, ஒரு பத்து மணிக்கு ஒன்றரை மீட்டர் தாராளம். கயிற்றை ஆள்காட்டி விரலில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை அந்தச் சுற்றுகளுக்குள் விட்டு, விரலிலிருந்து மெதுவாகக் கழற்றி இரண்டு பக்கமும் இழுத்தால் உருண்டையாக ஒரு முடிச்சு விழும். அவசரப்பட்டு இழுத்தால் சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கோணலாகும். அப்படி ஒன்றிரண்டு கோணல் இருந்தால் பிரிக்கச் சொல்லாதீர்கள், விரலுக்கு அது அடையாளம். பத்து முடிச்சு, சற்று இடைவெளி விட்டுப் பெரிய முடிச்சு ஒன்று, கடைசியில் சிலுவை. நுனியை நெருப்பில் காட்டி ஒட்டுவது மட்டும் பெரியவர் வேலை. முடித்ததும் பங்குத்தந்தையிடம் மந்திரிக்க (ஆசீர்வதிக்க) கொடுங்கள்.

கேள்வி: காலையில் இரண்டு பத்து, ராத்திரி மூன்று பத்து என்று பிரித்துச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனையிலிருந்து திருச்சபை தருகிற முழு விடுதலை) பெற விரும்பினால் மட்டும் ஐந்து பத்தையும் இடைவிடாமல் சொல்ல வேண்டும். பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போது ஒரு பத்து சொல்கிற பிள்ளைக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: மகன் இழுத்து இழுத்து மந்திரித்த செபமாலையை அறுத்துவிட்டான். குப்பையில் போடலாமா?

பதில்: குப்பையில் வேண்டாம். குறடு இருந்தால் கம்பியை வளைத்து அவனோடு சேர்ந்தே சரிசெய்யுங்கள். முடியாத அளவுக்குப் போய்விட்டால் தோட்டத்தில் மண்ணில் புதைத்துவிடுங்கள், குழியை அவனே தோண்டட்டும்.