கேம் பாய் வாங்குமுன் விளக்குப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்

கேள்வி: நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயின் பழைய மாடல்களை ஜப்பானிலிருந்து தருவித்து விற்கும் ஒருவரிடம் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி. ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். “ஏஜிஎஸ்-101, ஜப்பான் பதிப்பு” என்று சொல்லி, சாதாரண எஸ்.பி.யைவிட இரு மடங்கு விலை கேட்கிறார். அடியில் உள்ள ஸ்டிக்கரிலும் அந்த எண் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். 2001-இல் வந்த முதல் அட்வான்ஸின் 2.9 அங்குலத் திரைக்கு விளக்கே கிடையாது என்பதால், மேசை விளக்கின் அடியில் சாய்த்துப் பிடித்தபடிதான் விளையாட வேண்டியிருந்தது. அந்தக் குறையைப் போக்க, மடக்கும் வடிவத்தில், சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியுடன் 2003-இல் வந்ததே எஸ்.பி.; அதன் முதல் மாடலான ஏஜிஎஸ்-001-இல் வெளிச்சம் திரையின் முன்புற ஓரத்திலிருந்து பரவுவதால் கறுப்பு நிறம் சற்றே வெளிறித் தெரியும். பின்னாலிருந்து ஒளிரும் திரை கொண்ட ஏஜிஎஸ்-101 2005-இல்தான் வட அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் அது விற்கப்படவே இல்லை. ஆகவே உங்களிடம் காட்டப்படுவது, வெளி ஓடு மாற்றப்பட்ட வேறு நாட்டு இயந்திரமாகவோ, ஐபிஎஸ் எனப்படும் புதிய வகைத் திரை பொருத்தப்பட்ட பழைய 001 ஆகவோதான் இருக்க முடியும்.

ஸ்டிக்கர் தனியாகவே கிடைப்பதால் அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். இயந்திரத்தை இயக்கி, கீல் அருகே நடுவில் இருக்கும் சிறிய விளக்குப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு முழுவதும் அணைந்து, பகல் வெளிச்சத்தில் படம் மங்கலாகத் தெரிந்தால் அது 001. அணையாமல் அதிகம், குறைவு என்ற இரண்டு நிலைகளுக்குள் மட்டும் மாறினால் அது 101. வெளிச்சம் பல படிகளாகக் கூடிக் குறைந்தால் பின்னாளில் பொருத்திய திரை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட திரை மோசமானதல்ல. விளையாடுவதற்கு மட்டும் என்றால் அதையே நான் பரிந்துரைப்பேன், பேட்டரி சீக்கிரம் தீரும் என்பது ஒன்றுதான் குறை. ஆனால் மாற்றியதை மாற்றியது என்று சொல்லி, அதற்குரிய விலையைத்தான் கேட்க வேண்டும். கையோடு, கீலில் விரிசல் இருக்கிறதா என்றும், மேல் ஓரத்து எல், ஆர் பொத்தான்கள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேலை செய்கின்றனவா என்றும், பேட்டரி மூடி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜப்பானிய எஸ்.பி.யுடன் அசல் சார்ஜரும் பெட்டியில் வந்திருக்கிறது. பின் மாற்றி ஒன்றைப் போட்டு நம் வீட்டு மின்சாரத்தில் செருகலாமா? இயர்போன் துளையும் எங்கும் தென்படவில்லை.

பதில்: செருகவே கூடாது. அது ஜப்பானின் 100 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. நம் 230 வோல்ட்டில் கருகிவிடும். பின் மாற்றி முனையின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டைக் குறைக்காது. எஸ்.பி.க்கென்று விற்கப்படும் யூஎஸ்பி கேபிள் ஒன்றை வாங்கிக்கொள்வதே எளிது. நின்டெண்டோவின் அடுத்த கையடக்கக் கருவியான டிஎஸ்ஸின் முதல் மாடலுக்குரிய சார்ஜர் முனையும் இதற்குப் பொருந்தும், டிஎஸ் லைட்டினுடையது பொருந்தாது. இயர்போன் துளை எஸ்.பி.யில் கிடையாது, சார்ஜ் துளையில் செருகும் அடாப்டர் வழியாகத்தான் கேட்க முடியும். கேட்டுக்கொண்டே சார்ஜும் செய்ய விரும்பினால், இரண்டு வழிகளும் உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கேம் பாய் மைக்ரோ அழகாக இருக்கிறது. என்னிடம் உள்ள பழைய கேம் பாய் கலர் கேசட்டுகள் அதில் ஓடுமா?

பதில்: ஓடா. மைக்ரோ அட்வான்ஸ் கேசட்டுகளை மட்டுமே ஏற்கும். இயர்போன் துளை இருந்தாலும் திரை 2 அங்குலம்தான். சார்ஜ் துளையும் இரண்டு கருவிகளை இணைக்கும் லிங்க் கேபிளின் துளையும் எஸ்.பி.யிலிருந்து வேறுபட்டவை என்பதால் துணைக் கருவிகளையும் தனியே வாங்க வேண்டும். பழைய கேசட்டுகளையும் ஏற்பதால் உங்களுக்கு எஸ்.பி.யே பொருத்தம்.

கேள்வி: போக்கிமான் எமரால்டு கேசட் ஒன்று வாங்கினேன். அணைத்துவிட்டு மறுநாள் போட்டால், சேமித்த ஆட்டம் காணாமல் போகிறது. “உள்ளே பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றித் தருகிறேன்” என்று கூறி விற்றவர் தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அசல் எமரால்டில் உள்ள பேட்டரி கடிகாரத்தை ஓட்டுவதற்காக மட்டுமே இருக்கிறது. அது தீர்ந்தால் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வரும், நேரத்தைச் சார்ந்த நிகழ்வுகள் நின்றுவிடும். ஆட்டம், மின்சாரம் இல்லாமலே பதிவைக் காக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் பதிவாவதால் அது அழியாது. பேட்டரி தீர்ந்ததும் சேமித்ததும் போய்விடுவது கேம் பாய் கலர் காலத்துப் போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில்தான். எனவே உங்களிடம் இருப்பது பெரும்பாலும் போலி. கேசட்டின் முன்பக்க ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: அசலில் மை இல்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் மெலிதாகத் தெரியும், சிலவற்றில் எண்ணை அடுத்து ஓர் எழுத்தும் இருக்கும். அடிப்புறத் திறப்பில், தங்க நிற முனைகளுக்குச் சற்று மேலே பலகையில் நின்டெண்டோ என்ற பெயர் அச்சாகியிருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லையென்றால் அவ்விரு இடங்களையும் படமெடுத்து அனுப்பி, பேட்டரி மாற்றுவதைப் பற்றிப் பேசாமல், கொடுத்த பணத்தை முழுதாகத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேளுங்கள்.