எதிரிகள் நண்பர்களாகும் சூப்பர்ஹீரோ ரசிகர் கதை ஒன்று பாதியில் நிற்கிறது. எழுதியவருக்கு வாசகராக என்ன எழுதலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: ரசிகர் ஒருவர் எழுதிய சூப்பர்ஹீரோ கதையை ஒரே இரவில் வாசித்து முடித்துவிட்டீர்கள். இரண்டு எதிரிகள் கைகோர்க்கப் போகிற இடத்தில் கதை நின்றுவிட்டது. இரண்டு வருடமாக அடுத்த அத்தியாயம் வரவில்லை. இப்போது போய் ஏதாவது சொன்னால் எழுதியவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று யோசிக்கிறீர்கள்.

தாராளமாகச் சொல்லுங்கள். "அடுத்தது எப்போது" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். இதை வாசகியாகச் சொல்லவில்லை. நானும் இப்படி ஒரு கதையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவள்தான்.

எனக்கு ஊர் இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சி, இரணைமடுக் குளத்துக்குக் கீழே. 2018 டிசம்பர் வெள்ளத்தில் 36 அடிக் குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்த இரவு, எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான்கு நாள் இருந்தோம். வாங்குகளை அடுக்கி அதன்மேல் படுக்கை. அங்கே வைத்துத்தான் தம்பி கேட்டான், "அக்கா, ஸாண்ட்மேன் இருந்தா தண்ணியை மறிச்சிருப்பான் என்ன?" 2007 இல் வந்த ஸ்பைடர்மேன் மூன்றாவது படத்தை அவன் எத்தனை தரம் பார்த்தான் என்று கணக்கில்லை. "அவன் தண்ணியில கரைஞ்சுபோவானடா" என்றேன். "அப்ப கரையிறதுக்கு முதல்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. 2019 தையில் ஒரு சீஆர் கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன்.

ஸாண்ட்மேனைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1963 இல் ஸ்பைடர்மேன் இதழின் நான்காவது இலக்கத்தில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் கொண்டுவந்த வில்லன், பெயர் ஃப்ளின்ட் மார்கோ. உடம்பு முழுக்க மணல். கை சம்மட்டியாக மாறும், அடித்தால் உதிர்ந்து மறுபடி ஒன்றுசேரும். அந்த முதல் கதையில் ஸ்பைடர்மேன் அவனை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சித்தான் பிடிக்கிறான். (எனக்கு அந்த ஆள்மேல் இரக்கம் வந்ததே அந்த இடத்தில்தான்.) 1981 இல் தண்ணீராக மாறக்கூடிய ஹைட்ரோமேன் என்பவனோடு கலந்துபோய், இரண்டு பேரும் ஒரே சேற்றுப் பூதமாகிவிடுகிறார்கள். அதிலிருந்து மீண்டவனுக்கு எல்லாம் வெறுத்துப்போகிறது. அடுத்த வருடம் வந்த ஒரு கதையில், அவனைப் பிடிக்கப் போன கல்லுடம்புக்காரன் திங், மதுக்கடையில் அவனோடு உட்கார்ந்து கதைத்துவிட்டு, சண்டையே பிடிக்காமல் எழுந்து போகிறான். எனக்குத் தெரிந்து எதிரி நண்பனாகிற கதைகளில் இவ்வளவு அமைதியான ஒன்று குறைவு. பிறகு ஆள் திருந்தி, ஸ்பைடர்மேனுக்கே உதவி, அவெஞ்சர்ஸ் கூட்டத்தின் விளிம்புவரை போனான். 1990களின் கடைசியில் மறுபடி ஒரு வில்லன் தேவைப்பட்டது போலும், அவனை ஓர் இயந்திரத்தில் போட்டு மூளையைப் புரட்டிப் பழையபடி ஆக்கிவிட்டார்கள்.

கம்பனிக் கதைகளில் இதுதான் வழக்கம். அடுத்த மாத இதழுக்கும் யாரோ ஒருவன் அடிவாங்க வேண்டும், எந்தச் சமாதானமும் நீடிக்காது. ரசிகர்கள் தாங்களே எழுதத் தொடங்குவதில் பாதிக் காரணம் இந்தக் கடுப்பு. என்னுடையது முழுக்க இந்தக் கடுப்புத்தான்.

என் கதையில் மார்கோ நியூயார்க்கில் இருந்து தப்பி முல்லைத்தீவுக் கடற்கரையில் வந்து ஒதுங்குகிறான். மணலோடு மணலாகக் கிடந்தால் யார் கண்டுபிடிப்பது? ஆனால் ஓர் இரவு டிப்பர்காரர்கள் அவனையும் சேர்த்து அள்ளிக்கொண்டுவந்து, வட்டக்கச்சியில் பாதி கட்டிய ஒரு வீட்டுத்திட்ட வீட்டு முற்றத்தில் கொட்டிவிடுகிறார்கள். ஸ்பைடர்மேன் தேடி வருகிறான். இரண்டு பேருக்கும் சண்டை. அந்தச் சண்டையில் தனியாக வாழும் ஒரு கிழவியின் கிணறு மணலால் தூர்ந்துபோகிறது. இப்படியே போய் ஒன்பதாம் அத்தியாயத்தில் மாரி மழை, குளக்கட்டில் துருசுக்கு (மதகுக்கு) பக்கத்தில் வெடிப்பு. மார்கோ வலையில் கட்டுண்டு கிடக்கிறான். "அவிழ்த்து விடு, நான் போய்க் குறுக்கே படுக்கிறேன்" என்கிறான். ஸ்பைடர்மேன் அவிழ்ப்பானா?

அங்கேதான் நிற்கிறது. இன்றைக்கும்.

கொப்பி எங்கள் ரியூசன் வகுப்பில் கைமாறிக் கைமாறிப் போனது. உயர்தர வகுப்பு, கலைப்பிரிவு, ஒரு முப்பது பேர் இருப்போம். முதலில் இரண்டு சிநேகிதிகள். அவர்களிடமிருந்து அவர்களுடைய அண்ணன்மார். கடைசியில் எனக்கு முகமே தெரியாத ஆட்கள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ஓரங்களில் எழுத்து கூடியிருக்கும். பச்சைப் பேனை, நீலப் பேனை, பென்சில். மார்கோவுக்கு "மணலண்ணை" என்று பெயர் வைத்ததே வாசித்தவர்கள்தான். ஓர் ஆள் பக்கத்தின் அடியில் டிப்பர் படம் கீறி, "ஒரு லோட் மணலண்ணை என்ன விலை?" என்று எழுதியிருந்தது. இன்னொருவர், "நியூயோர்க்கில கட்டடம் இருக்கு. இங்க இவன் எதில தொங்குவான்? லைட் போஸ்டிலயோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த அத்தியாயத்தில் ஸ்பைடர்மேனை ஒரு பாலை மரத்துக்கு மாற்றினேன். மேசன் ஒருவரின் மகன் எழுதியது இது: "கடல்மணலில வீடு கட்ட ஏலாது. உப்பு. டிப்பர்காரன் அள்ளவே மாட்டான்." அந்த அத்தியாயம் முழுவதையும் கிழித்துவிட்டு, மார்கோ ஆற்றுப் படுகையில் ஒளிந்ததாகத் திருப்பி எழுதினேன்.

இப்படியான குறிப்பு எதுவும் என்னைப் புண்படுத்தவில்லை. ஒன்றைத் தவிர. வெள்ளம் வடியும் இடத்துக்குப் பக்கத்தில், முரசுமோட்டைப் பக்கத்துப் பெடியன் ஒருவன் எழுதியிருந்தான்: "எங்கட வயலில தண்ணி நிண்டது ஒன்பது நாள். நீ ரெண்டு பந்தியில வடிச்சுப்போட்டாய்." இரண்டு நாள் கொப்பியைத் தொடவில்லை. பிறகு பார்த்தால் அவன் சொன்னது சரி. எனக்கு வெள்ளம் ஸ்பைடர்மேனைப் பாய வைக்க ஒரு சாட்டு. அவனுக்கு அது காலபோக நெல் முழுவதும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக எழுதப்பட்டிருந்தது "அடுத்தது எப்ப?" என்பதுதான். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு இடத்தில். ஒருவர் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார். ஆசையோடு கேட்டது என்று எனக்கு விளங்காமலில்லை. ஆனாலும் கடன்காரர் வாசலில் நிற்பது போலிருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வகுப்புகள் நின்றபோது, வெளியில் சொல்லவில்லையே தவிர, எனக்கு நிம்மதி. கொப்பி யாரிடமோ மாட்டிக்கொண்டது. நல்ல சாட்டு.

உண்மைக் காரணம் ஊரடங்கு இல்லை. ஸ்பைடர்மேன் கட்டை அவிழ்த்துவிட்டு என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. "மன்னித்தேன்" என்று எழுதிப் பார்த்தேன், நாடகம் மாதிரி இருந்தது. மார்கோ அழுவதாக எழுதினேன், அது அதைவிட மோசம். மன்னிக்க வேண்டியது ஸ்பைடர்மேனா, கிணற்றைப் பறிகொடுத்த கிழவியா என்பதையே நான் யோசித்திருக்கவில்லை.

இதை எனக்குச் சொன்னவர் கொப்பியை வாசித்தவர்கூட இல்லை, கேட்டவர். சிநேகிதி ஒருத்தி தன் அம்மம்மாவுக்குக் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறாள். சிலந்தி மனிதன், மணல் மனிதன் எல்லாவற்றையும் அவர் ஏதோ பேய்க்கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாராம். கிணறு தூர்ந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். முடிவு இன்னும் எழுதவில்லை, மார்கோ மன்னிப்புக் கேட்பான் போல என்று சிநேகிதி சொல்ல, "மன்னிப்பு ஆருக்கு வேணும்? முதல்ல வந்து கிணத்தை இறைச்சுக் குடுக்கட்டும்" என்றாராம்.

போர் முடிந்து நாங்கள் 2010 இல் மீள்குடியேறி வந்தபோது எங்கள் வளவுக் கிணற்றை மூன்று நாள் இறைத்தார்கள். அதற்குள் இருந்து வந்ததெல்லாம் என்ன என்று பெரியவர்கள் எங்களைப் பார்க்க விடவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அப்பா ஒரு வாளி தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, கதையில் ஒரு கிணற்றைத் தூர்த்துவிட்டு மன்னிப்பு வசனம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் தன் பங்குக்கு இரும்புக்கை மாயாவியை இழுத்தார். முத்து காமிக்ஸ் 1972 இல் தொடங்கியதே அந்த மாயாவியோடுதான். அப்பாவின் வயதுக்காரர்களுக்கு சூப்பர்ஹீரோ என்றால் அவர்தான். "அவனும் முதல் கதையில கள்ளன்தானே" என்றார் அப்பா. உண்மைதான். 1962 இல் இங்கிலாந்தில் வந்த மூலத்தில், கையை இழந்து இரும்புக்கை பொருத்திய லூயிஸ் கிராண்டெல், மின்சாரம் பாய்ந்து மாயமாக மறையும் சக்தி கிடைத்தவுடன் செய்யும் முதல் வேலை திருட்டு. உளவாளியானதெல்லாம் பிறகு. "ஒருத்தரும் அவனைக் கூப்பிட்டு மன்னிக்கேல்லை. வேலை குடுத்தாங்கள், செய்தான்." அப்பா இதை ஒரு பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னார்.

2021 கடைசியில் கொப்பி திரும்பி வந்தது. நான் வெறுமையாக விட்ட பக்கங்கள் வெறுமையாக இல்லை. ஆளுக்கொரு முடிவு எழுதியிருந்தார்கள். ஒன்றில் மணலண்ணை கட்டின் குறுக்கே படுத்துக் கரைந்து, சேறாகிக் கனகராயன் ஆற்றோடு சுண்டிக்குளத்துக்குப் போய்விடுகிறான். ஊரார் அங்கே கல் நடுகிறார்கள். ஒன்றில் அவன் கரையாமல் இருக்க மேசனின் மகன் சீமெந்து கலந்துவிடுகிறான், வெள்ளம் நிற்கிறது, ஆனால் அவனால் இனி அசைய முடியாது. (இதை எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. எனக்குப் பிடித்த முடிவு இதுதான்.) ஒன்றில் இரண்டு பேருமாகத் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள், அவ்வளவுதான், ஒரு பக்கம் முழுக்கத் தேத்தண்ணீர்.

ஒன்று சிவப்புப் பேனையில் நான்கு வரி. ஸ்பைடர்மேன் அவிழ்க்கவில்லை. குளக்கட்டு உடைகிறது. ஊர் போகிறது. "இவங்களை நம்பேலாது" என்று முடிந்திருந்தது. எழுத்தைப் பார்த்தவுடன் ஆள் யாரென்று தெரிந்தது. அவனுடைய அப்பாவை 2009 இலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற முடிவுகளுக்குப் பக்கத்தில் நானும் ஒரு வரி எழுதினேன், சிரித்த முகம் போட்டேன். அதன் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. கிழிக்கவும் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கனடாவில் இருக்கும் மச்சாள்தான் எனக்கு வெளியுலக நடைமுறையைச் சொன்னவள். ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்று 2009 இல் திறந்த ரசிகர் கதைக் களஞ்சியம் ஒன்று உண்டு, 2019 இல் அதற்கு ஹியூகோ விருதே கொடுத்தார்கள். அங்கே முடியாத கதைக்கு அத்தியாயக் கணக்கை 9/? என்று காட்டுமாம். ஒன்பது எழுதியாயிற்று, மொத்தம் எத்தனை என்று எழுதியவருக்கே தெரியாது. அந்தக் கேள்விக்குறி எனக்குப் பிடித்துப்போய், கொப்பி அட்டையிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் வாசித்த கதைக்கும் அது இருக்கும். அவருக்கும் தெரியாது என்பதை வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

எந்த இடம் உங்களைப் பிடித்ததோ அந்த இடத்தைச் சொல்லுங்கள். "அருமை, தொடருங்கள்" வந்தால் சந்தோஷம்தான், மறுநாள் மறந்துவிடும். எனக்கு மறக்காதது, ஆறாம் அத்தியாயத்தில் மார்கோ விடியற்காலையில் கிழவியின் முற்றத்தைக் கூட்டுகிற இடத்தில் ஒரு பிள்ளை பென்சிலில் எழுதியது: "தன்னைத் தானே கூட்டி அள்ளுறான் என்ன, பாவம்." நான் அப்படி நினைத்து எழுதவே இல்லை. மணல் மனிதன் மணல் முற்றத்தைக் கூட்டுகிறான். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பிழை இருந்தாலும் சொல்லலாம், வயல்காரப் பெடியன் சொன்ன மாதிரி. எதிரி நண்பனாவதில் உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். எழுதுகிறவர் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார். கம்பனிக் கதையில் வில்லன் செய்ததற்கெல்லாம் ஒரு பாய்ச்சலில் கணக்கு முடியும். ரசிகர் கதையில் வாசிக்கிறவர்கள் விடமாட்டார்கள், கிணற்றை யார் இறைப்பது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டால் அவருக்குப் பத்தாம் அத்தியாயம் கிடைத்தாலும் கிடைக்கும். பதில் வராவிட்டால் கோபப்படாதீர்கள். நான் அந்தப் பென்சில் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஒன்றரை வருடம் எடுத்தேன்.

பத்தாம் அத்தியாயத்தில் மார்கோ கிணறு இறைக்கிறான். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஸ்பைடர்மேன் இன்னும் எதுவும் பேசவில்லை, வாளியை வாங்கி வாங்கிக் கொட்டிக்கொண்டிருக்கிறான். குளக்கட்டு வெடித்தது என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. கொப்பி போன கிழமை மறுபடி வெளியே போயிருக்கிறது. இப்போது வைத்திருப்பவளின் தாய்க்கு முறிகண்டியில் கச்சான் கடை. கச்சான் சுற்றச் சரைக் கடதாசி முடிந்தால் இதைக் கிழித்துவிடாதே என்று இரண்டு தரம் சொல்லித்தான் கொடுத்தேன்.