‘சேஞ்ச்’ இருக்கிறதா?

கேள்வி: என் ஆங்கிலக் கட்டுரையில் ‘சேஞ்ச்’ எட்டு இடத்தில் வந்துவிட்டது என்று ஆசிரியர் வட்டம் போட்டார். அகராதியைப் பார்த்து ஆல்டர், மாடிஃபை, கன்வர்ட், டிரான்ஸ்ஃபார்ம், அமெண்ட் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். இப்போது வட்டங்கள் அதிகமாகிவிட்டன. எல்லாவற்றுக்கும் ‘மாற்று’ என்றுதானே பொருள் போட்டிருக்கிறது?

போட்டிருக்கும். அகராதி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். ‘சேஞ்ச்’ எதற்கும் பொருந்துகிற பொதுச்சொல். மற்றவை அப்படி இல்லை. எவ்வளவு மாறியது, எதற்காக மாறியது என்பதையும் கூடவே சொல்லிவிடுகின்றன. எனக்குத் தடுமாற்றம் வந்தால் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன்: மாறி முடிந்த பிறகு பழையதில் என்ன மிச்சம் இருக்கிறது?

சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ ஆல்டர்டு மை ஷர்ட்’ என்றால் அதே சட்டையைப் பிடித்தோ பிரித்தோ தைத்தாயிற்று. ‘ஐ சேஞ்ச்டு மை ஷர்ட்’ என்றால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டாயிற்று. ஒரே சட்டை, ஒரே ஆள், ஆனால் நடந்தது வேறு. தையல் கடையில் ‘ஆல்ட்ரேஷன்’ என்று எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறோம், கட்டுரை எழுத உட்காரும்போதுதான் அது மறந்துபோகிறது.

‘மாடிஃபை’யிலும் பழையது அப்படியேதான் இருக்கும், ஆனால் ஒரு நோக்கத்தோடு இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கை வைத்திருப்போம். இயந்திரம், வடிவமைப்பு, திட்டம் இவற்றோடு நன்றாகச் சேரும். ‘கன்வர்ட்’ என்றால் பயன்பாடோ வடிவமோ மாறுகிறது: காலி அறையைப் படிப்பறை ஆக்குவது, மைலைக் கிலோமீட்டர் ஆக்குவது. 1 மைல் 1.609 கிலோமீட்டர் ஆன பிறகும் நடக்க வேண்டிய தூரம் ஓர் அடி கூடக் குறைவதில்லை என்பதைக் கவனியுங்கள். ‘டிரான்ஸ்ஃபார்ம்’ இதற்கு நேர் எதிர், பழையதை அடையாளமே தெரியக்கூடாது. விளம்பரக்காரர்கள் ஒரு சீப்பு வாங்கினாலே வாழ்க்கை ‘டிரான்ஸ்ஃபார்ம்’ ஆகிவிடும் என்பார்கள், அதை நம்பிக் கட்டுரையில் போடாதீர்கள்.

‘அமெண்ட்’ எழுத்து சம்பந்தப்பட்டது. சட்டம், தீர்மானம், ஒப்பந்தம் ஆகியவற்றில் முறைப்படி செய்யும் திருத்தம். குறை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததால், குறை நீக்குதல் என்ற வாடை அதில் எப்போதும் இருக்கும். அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு 1791-இல் வந்த முதல் பத்துத் திருத்தங்களும் ‘அமெண்ட்மெண்ட்’கள்தான். தலைமுடியை ‘அமெண்ட்’ செய்துகொண்டேன் என்று எழுதினால் ஆசிரியர் வட்டம் போடாமல் என்ன செய்வார்?

இன்னொன்று. எட்டு இடத்திலும் இணைச்சொல் தேட வேண்டியதே இல்லை. விலை ‘சேஞ்ச்’ ஆனது என்பதைவிட ஏறியது, சரிந்தது என்று நடந்ததை எழுதினால் பாதி வட்டம் தானாகப் போய்விடும். மீதி இடங்களில் ‘சேஞ்ச்’ அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: ‘சேஞ்ச் இன்’, ‘சேஞ்ச் ஆஃப்’ எது சரி?

இரண்டும் சரி, பொருள்தான் வேறு. ‘இன்’ வந்தால் பழையது அப்படியே இருக்கிறது, அதற்குள் ஏதோ மாறியிருக்கிறது. ‘ஆஃப்’ வந்தால் பெரும்பாலும் ஒன்று போய் இன்னொன்று வந்துவிட்டது. ‘எ சேஞ்ச் இன் த பிளான்’ என்றால் திட்டத்தில் ஓர் அம்சம் மாறியது, ‘எ சேஞ்ச் ஆஃப் பிளான்’ என்றால் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டோம். வெப்பநிலைக்கு ‘இன்’, முகவரிக்கு ‘ஆஃப்’.

கேள்வி: ‘த ரூல் சேஞ்ச்டு’ சரியாம், ‘த ரூல் மாடிஃபைடு’ தப்பாம். என்ன நியாயம் இது?

தமிழ் தெரிந்தவருக்கு இது எளிது, ஏனென்றால் நம்மிடம் மாறு, மாற்று என்று இரண்டு வினை உண்டு. திருந்து, திருத்து, உருள், உருட்டு எல்லாம் இதே ஜோடிதான். முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது ஒருவர் செய்வது. ஆங்கிலத்தில் ‘சேஞ்ச்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. ‘ஆல்டர்’, ‘கன்வர்ட்’ கூட அப்படித்தான். ‘மாடிஃபை’, ‘அமெண்ட்’ இரண்டுக்கும் ‘மாற்று’ வேலை மட்டுமே தெரியும். விதியை யாராவது மாற்ற வேண்டும், விதி தானாக ‘மாடிஃபை’ ஆகாது. அதனால் ‘வாஸ்’ போட்டு ‘த ரூல் வாஸ் மாடிஃபைடு’ என்று எழுதுங்கள். நம்மைப் போலவே ஜோடியாக வைத்திருக்கும் சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு: ‘ரைஸ்’ தானாக எழுவது, ‘ரெய்ஸ்’ எழுப்புவது. இந்த இரண்டையும் குழப்பாத ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் வரைபடத்தை விவரித்து எழுதச் சொல்கிறார்கள். எந்தச் சொற்களைப் படித்துக்கொண்டு போகலாம்?

குறைந்தது 150 சொல் எழுத வேண்டும், ஏறக்குறைய 20 நிமிடம். அதற்குள் அலங்காரச் சொல் தேட நேரம் இருக்காது. கோட்டைப் பாருங்கள். கிடுகிடுவென ஏறினால் ‘சோர்’, தலைகுப்புற விழுந்தால் ‘பிளம்மெட்’, ஏறிவிட்டு நேராகப் போனால் ‘லெவல் ஆஃப்’, ஏறி இறங்கி ஏறினால் ‘ஃபிளக்சுவேட்’. கடைசிச் சொல் அலை என்ற லத்தீன் சொல்லின் வாரிசு, அதனால் ஒரே ஒரு ஏற்றத்துக்கு அதைப் போடாதீர்கள். ‘வேரி’யும் அதுவும் ஒன்றல்ல. காலப்போக்கில் ஆடினால்தான் ‘ஃபிளக்சுவேட்’. ஒரே நாளில் கடைக்குக் கடை விலை வித்தியாசப்பட்டாலும் ‘வேரி’ என்று சொல்லலாம்.

சொல்லைவிட அதிகம் மதிப்பெண் போவது ‘பை’, ‘டு’ இரண்டிலும்தான். 40-லிருந்து 50 ஆனால் ‘ரோஸ் பை 10’ அல்லது ‘ரோஸ் டு 50’. அப்புறம், 20 சதவீதம் 25 சதவீதமானால் கூடியது 5 சதவீதப் புள்ளி. ‘5 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் 20-இல் 5 என்பது கால் பங்கு, அதாவது உயர்வு 25 சதவீதம்.

கேள்வி: ‘எவல்யூஷன்’ என்ற சொல் டார்வின் உருவாக்கியதா?

இல்லை, அவருக்கு முன்பே இருந்தது. சுருட்டி வைத்ததை விரிப்பது என்பதுதான் அதன் லத்தீன் மூலப்பொருள். வேடிக்கை என்னவென்றால், 1859-இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ முதல் பதிப்பில் ‘எவல்யூஷன்’ என்ற சொல்லே கிடையாது. நூலின் கடைசிச் சொல்லாக ‘இவால்வ்டு’ மட்டும் உட்கார்ந்திருக்கும். அவர் பயன்படுத்தியது ‘டிசெண்ட் வித் மாடிஃபிகேஷன்’. ‘எவல்யூஷன்’ உள்ளே வந்தது 1872-இல், ஆறாம் பதிப்பில். மேலே சொன்ன ‘மாடிஃபை’ இங்கே எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது பாருங்கள்: வழிவழியாக வந்தது அப்படியே இருக்க, கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது.

கேள்வி: சில்லறைக்கு ஏன் ‘சேஞ்ச்’ என்று பெயர்?

அந்தச் சொல்லின் பழைய பொருளே கைமாற்றுவதுதான். பிற்கால லத்தீனில் பண்டமாற்றைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பெரிய காசைக் கொடுத்துச் சின்னக் காசாக மாற்றினால் கிடைப்பது ‘சேஞ்ச்’. நாமும் ‘நோட்டை மாற்றித் தாருங்கள்’ என்கிறோமே. எத்தனை காசு கையில் விழுந்தாலும் அது ‘சேஞ்ச்’தான், ‘சேஞ்சஸ்’ என்று கேட்டுவிடாதீர்கள்.