டெடிகேஷன்: கேள்வி பதில்

கேள்வி: ‘டெடிகேஷன்’ என்றால் அர்ப்பணிப்பு என்று படித்தேன். ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘அம்மாவுக்கு’ என்று போடுவதும் டெடிகேஷனாம், கம்ப்யூட்டர்காரர்கள் வேறு ‘டெடிகேட்டட் சர்வர்’ என்கிறார்கள். மூன்றுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: மூன்றிலுமே ஒன்றைப் பொதுவிலிருந்து பிரித்து, ‘இது இன்னாருக்குத்தான்’ என்று ஒதுக்குகிறோம், அதுதான் சம்பந்தம். இணையதளங்களை இயக்கும் கம்ப்யூட்டரான சர்வரை ஒரே வாடிக்கையாளருக்கு ஒதுக்கினால் டெடிகேட்டட் சர்வர். (அதை ‘அர்ப்பணிக்கப்பட்ட சர்வர்’ என்று எழுதுகிறார்களே, படிக்கவே பாவமாக இருக்கிறது, ‘தனி சர்வர்’ போதும்.)

மூலம் லத்தீன். ‘டெடிகாரே’ என்றால் தெய்வத்துக்கு உரியது என்று அறிவித்து ஒப்படைப்பது. டிக்டேட், டிக்‌ஷனரி, பதவி துறப்பதைக் குறிக்கும் அப்டிகேட் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்தான், அதாவது வாயால் சொல்வதுதான் இதன் அடிப்படை. ரோமில் கோயிலைக் கட்டி முடித்தால் மட்டும் போதாது, அதிகாரி ஒருவர் வாசல் நிலையைக் கையால் பிடித்துக்கொண்டு உரிய வாசகத்தைச் சொன்னால்தான் அது தெய்வத்தின் சொத்து. ஜூபிடர் கோயிலுக்கு அப்படிச் செய்துகொண்டிருந்தபோது, வேண்டாதவர்கள் ஹொராஷியஸ் என்ற கான்சலிடம் (ரோமின் உயர் அதிகாரி) வந்து ‘உன் மகன் இறந்துவிட்டான், தீட்டு, நீ செய்யக்கூடாது’ என்றார்களாம். மனிதர் வாசல் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை, உடலை எடுத்து அடக்கம் செய்யச் சொல்லிவிட்டுச் சடங்கை முடித்தார் என்று எழுதுகிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. இன்று நாம் டெடிகேஷன் என்கிற குணமும் அன்றைய சடங்கும் அந்த ஒரே கையில் இருக்கின்றன பாருங்கள்!

ஆங்கிலத்துக்கு 14ஆம் நூற்றாண்டில் வந்தபோதும் தேவாலயத்தைப் புனிதப்படுத்துவதுதான் பொருள், புத்தகத்துக்கு வந்தது அப்புறம். அதில் பாசம் மட்டும் இல்லை, காரியமும் இருந்தது. 1610ல் கலிலியோ தன் புத்தகத்தை இத்தாலியின் டஸ்கனியை ஆண்ட கோசிமோ டி மெடிச்சிக்குச் சமர்ப்பித்து, தான் கண்ட வியாழனின் 4 நிலவுகளுக்கும் அந்தக் குடும்பத்தின் பெயரையே வைத்தார், அதே வருடம் அரசவையில் வேலையும் கிடைத்தது. ஆபிரகாம் லிங்கன் 1863ல் கெட்டிஸ்பர்க்கில் போர்வீரர் கல்லறைத் திறப்பில் பேசிய சில நிமிட உரையில் ‘டெடிகேட்’ 6 முறை வருகிறது, முதலில் கொள்கைக்கு, அப்புறம் கல்லறை நிலத்துக்கு, கடைசியில் ‘நாம்தான் நம்மை ஒப்படைக்க வேண்டும்’ என்று.

கேள்வி: ‘டெடிகேட்டட் டு ஹெல்ப்’ சரியா, ‘ஹெல்பிங்’ சரியா? ‘டிவோஷன்’ போட்டாலும் அதே அர்த்தம்தானே?

பதில்: ‘டெடிகேட்டட் டு ஹெல்பிங்’தான் சரி. அந்த ‘டு’ நம்முடைய ‘-க்கு’ மாதிரி, பின்னால் பெயர்ச்சொல் கேட்கும், ‘உதவுவதற்கு’ என்பதுபோல. டிவோஷனில் பாசமும் பக்தியும் தூக்கல், அதனால் கணவன் மனைவியை ‘டிவோட்டட்’ என்பார்கள். வேலையில் கண்ணாக இருப்பவரை ‘டெடிகேட்டட்’ என்பதே பொருத்தம். புத்தகத்தைச் சமர்ப்பிக்க மட்டும் ‘டிவோட்’ போடாதீர்கள், அங்கே ‘டெடிகேட்’தான்.