செஞ்சியில் எரிமலை இருந்ததா?

அன்புள்ள ஐயா,

புதுவைக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றியுள்ள தூண்கள் செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் என்பார்கள். பூமிக்கடியில் உள்ள நெருப்புக் கடல் எரிமலையாகப் பொங்கி ஆறியதே கருங்கல் என்று மகனிடம் சொன்னேன். அப்படியானால் செஞ்சியில் எரிமலை இருந்ததா என்கிறான்.

வாசகர், முத்தியால்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மகன் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். கருங்கல்லுக்கு, அதாவது கிரானைட்டுக்கு, எரிமலை வேண்டியதில்லை. வெளியே வராமல் நிலத்துக்குள்ளேயே உறைந்த பாறைக்குழம்பு அது. நெருப்புக் கடல் என்பதும் பள்ளிப் புத்தகப் படங்கள் விதைத்த எண்ணம். நம் காலடியில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் வரை இருப்பது பெரும்பாலும் திடப்பாறைதான். குழம்பு அங்கங்கே, தக்க சூழல் வாய்த்தால் மட்டுமே உண்டாகிறது.

அந்தச் சூழலில் வெப்பத்துக்கு இணையான பங்கு தண்ணீருக்கு உண்டு. உலர்ந்த நிலையில் 900 டிகிரியைத் தாண்டியும் உருகாத பாறை, ஆழத்தின் அழுத்தத்தில் நீர் சேர்ந்தால் 650 முதல் 700 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். மைக்கா போன்ற கனிமங்களுக்குள் கட்டுண்ட நீர் சூட்டில் விடுபட்டு, கண்டங்களாக அமைந்த பூமி மேலோட்டின் அடிப்பகுதியில் இந்த வேலையைச் செய்கிறது. அப்போதும் பாறை முழுவதும் உருகுவதில்லை. எளிதில் உருகும், சிலிக்கா மிகுந்த பகுதி மட்டும் பிரிந்து திரண்டு, சுற்றியுள்ள பாறையைவிட அடர்த்தி குறைவாக இருப்பதால் மேலேறி, பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கிவிடுகிறது. மேலே கிடக்கும் பாறை வெப்பத்தை எளிதில் வெளியே விடாததால் அது ஆற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முதல் பல லட்சம் ஆண்டுகள் வரை ஆகும். பாகை மெல்ல ஆறவிட்டால் கற்கண்டு பெரிதாகக் கட்டுவதுபோல, இங்கும் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கின்றன.

மெருகிட்ட பலகையை அருகில் பார்த்தால், உறைந்த வரிசைகூடத் தெரியும். முன்னதாக உறையத் தொடங்கிய ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, ஓரளவு நேரான விளிம்புகளுடன் இருக்கும். கடைசியாக உறைந்த குவார்ட்ஸ் என்னும் கனிமத்துக்குச் சொந்த வடிவம் வாய்க்காமல், மிஞ்சிய சந்துகளைக் கண்ணாடிச் சாம்பல் நிறத்தில் நிரப்பியிருக்கும். (கடையில் கிரானைட் என்று விற்கும் கறுப்புப் பலகைகள் பலவும் வேறு பாறைகள், அவற்றில் இதைத் தேட வேண்டாம்.) மேற்பரப்பில் சட்டென ஆறிய எரிமலைப் பாறையான பசால்ட்டில் படிகங்கள் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியா.

ஆகவே, இன்று நாம் பார்க்கும் செஞ்சி மலைகள் எரிமலைகள் அல்ல என்று மகனிடம் சொல்லலாம். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் உறைந்த அப்பாறை, மேலிருந்த பல கிலோமீட்டர் கனமுள்ள பாறை மழையிலும் வெயிலிலும் சிதைந்து அரித்துச் செல்லப்பட்ட பிறகே வெளியே தெரிந்தது. மேற்கிலுள்ள பழம்பாறைகள் அப்படிச் சிதைந்து, ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலில் உருவானதுதான் புதுவையைச் சுற்றியுள்ள சிவந்த கடலூர் மணற்கல்.