மூன்று ஆண்டு இடைவெளியை எப்படி எழுதுவது?

கேள்வி: 2014 முதல் 2022 வரை ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் பணியாற்றினேன். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஓரளவு தேறிவிட்டதால், மீண்டும் வேலை தேடி, பணி விவரங்களைப் பதிவிடும் இணையத்தளமான லிங்க்ட்இன்னில் சேர்ந்திருக்கிறேன். இடைப்பட்ட காலத்துக்கு ‘நிதி ஆலோசகர்’ என்று போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் தோழி. என்னை நானே புகழ்ந்து எழுதவும் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் அந்த வரியைச் சேர்க்காதீர்கள். 2012 ஜனவரியில் யாஹூவின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஸ்காட் தாம்சன், கணக்கியலில் பட்டம் பெற்றவர். கணினி அறிவியலிலும் பட்டம் பெற்றதாக அவரைப் பற்றிய குறிப்பில் இருந்தது தவறு என்று தெரியவந்ததும், அதே ஆண்டு மே மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. நம் நாட்டில் வருங்கால வைப்பு நிதியில் ஊழியருக்குத் தரப்படும் யுஏஎன் என்ற தனி எண்ணைக் கொண்டே, நீங்கள் வேலையில் சேர்ந்த நாளையும் விலகிய நாளையும் புதிய நிறுவனம் சரிபார்க்க முடியும். அதைவிட, யாருக்கு ஆலோசனை சொன்னீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் அதற்கும் ஒரு பொய்யைத் தேட வேண்டியிருக்கும்.

பணி இடைவெளியைக் குறிப்பிடுவதற்கென்றே லிங்க்ட்இன் 2022இல் ஒரு பகுதியைச் சேர்த்தது. குடும்பத்தினரைப் பராமரித்தல் அதிலுள்ள காரணங்களுள் ஒன்று. அதைத் தேர்ந்தெடுத்து ஒரு வரி எழுதினால் போதும். அம்மாவின் நோய் விவரம் அவருடைய சொந்த விஷயம், அது அங்கே வேண்டாம்.

கூச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். அலுவலகத்தில் நம் திறமையை மேலாளரோ உடன் பணியாற்றியவரோ எடுத்துச் சொல்வார்கள். இணையத்தில் நம்மை நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதால், உண்மையைச் சொல்வதுகூடத் தற்பெருமையாகத் தோன்றுகிறது. ‘திறமை மிக்க’, ‘ஆர்வம் கொண்ட’ போன்ற அடைமொழிகளை விட்டுவிட்டு, செய்த வேலையை மட்டும் எழுதினால் இந்தக் கூச்சம் பெருமளவு குறைந்துவிடும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது நீங்கள் பணியில் இருந்திருக்கிறீர்கள். பழைய வரிக் கணக்குகளைப் புதிய முறைக்கு மாற்றியதில் உங்கள் பங்கு என்ன, எந்த மென்பொருளில் வேலை செய்தீர்கள், தணிக்கைக்கு எவற்றைத் தயாரித்தீர்கள் என்பவற்றை முதலில் வையுங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பது ஏமாற்று அல்ல. எழுதிய ஒவ்வொரு வரியையும் அன்று பக்கத்து மேசையில் இருந்தவர் படித்து ‘ஆமாம்’ என்று சொல்லக்கூடுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவரையே உங்கள் பக்கத்தில் பரிந்துரை எழுதித் தரும்படி கேட்கவும் தயங்க வேண்டாம்.

நீங்கள் விலகிய பிறகு உங்கள் துறையில் வந்த மாற்றங்களையும் படித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, செயற்கை இழை நூலுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. நூற்பாலைக் கணக்கு தெரிந்த ஒருவர் இதைப் பற்றி நான்கு வரிகள் தெளிவாக எழுதி அந்தப் பக்கத்தில் பதிவிட்டால், வேலைக்கு ஆள் தேடுபவர் அதைக் கவனித்துப் படிப்பார்.